ஊருக்குள்ளா, வெளியூரா? சப்நெட் மாஸ்க் கேட்கும் ஒரே கேள்வி

சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு) படிக்கிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் எதுவரை வந்தது என்று கேட்டால், "எல்லாம் ஓகே அண்ணே, சப்நெட்டிங் மட்டும் தலையில் ஏறவில்லை" என்பார்கள். ஒரு நெட்வொர்க்கைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பதுதான் சப்நெட்டிங், ஒவ்வொரு துண்டும் ஒரு சப்நெட். நோட்டைத் திறந்தால் 128, 192, 224, 240 என்று அட்டவணை அழகாக எழுதி, ஸ்கேல் வைத்துக் கட்டமும் போட்டிருக்கும். அந்த 224 அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான், அதனால் குறையாகச் சொல்லவில்லை. கணக்கை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு அர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் இது ஏறவே ஏறாது, அதனால் அந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள்.

வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலம் நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அப்பாவிடம் கேளுங்கள். நாகர்கோவிலின் எஸ்டிடி கோடு 04652, அதற்குப் பின்னால் ஆறு இலக்க நம்பர். வடசேரியில் இருந்துகொண்டு கோட்டாறில் ஒருவரிடம் பேச அந்த ஆறு இலக்கம் போதும். மார்த்தாண்டத்தில் இருக்கும் அத்தையிடம் பேச வேண்டுமென்றால் 04651 சேர்த்துப் போட வேண்டும், அது வேறு பகுதி. இப்போது சென்னையைப் பாருங்கள்: கோடு 044, அப்புறம் எட்டு இலக்கம். கோவைக்கு 0422, அப்புறம் ஏழு. முன்னால் நிற்கும் சைபரை விட்டுவிட்டு எண்ணினால் நாகர்கோவில் 4+6, கோவை 3+7, சென்னை 2+8. எந்த ஊரை எடுத்தாலும் மொத்தம் பத்துதான், வெட்டு விழும் இடம் மட்டும் மாறுகிறது. பெரிய ஊருக்குக் கோடு சின்னது, அதனால் உள்ளே நிறைய நம்பர். சின்ன ஊருக்குக் கோடு நீளம், உள்ளே கொஞ்சம் நம்பர்.

சப்நெட் மாஸ்க் சொல்வதும் இவ்வளவுதான். ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குக் கொடுக்கும் எண், மொத்தம் 32 பிட் (ஒரு பிட் என்றால் ஒரு 0 அல்லது 1), அதில் இடது பக்கத்தில் இருந்து எத்தனை பிட் ஊர்க் கோடு, மீதி எத்தனை பிட் ஊருக்குள் இருக்கும் வீட்டு நம்பர் என்பதை மாஸ்க் சொல்கிறது. 192.168.74.100 என்று வெறுமனே எழுதிக் கொடுத்தால் கோடு எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் முகவரி கொடுக்கும்போதெல்லாம் மாஸ்க்கையும் கூடவே கொடுக்கிறோம். 255.255.255.0 என்றாலும் /24 என்றாலும் ஒன்றுதான்: முதல் 24 பிட் ஊர்க் கோடு, கடைசி 8 பிட் வீட்டு நம்பர்.

எஸ்டிடி உவமை ஓர் இடத்தில் உதைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். போன் நம்பரில் வெட்டு எப்போதும் இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் விழும், கண்ணால் பார்க்கலாம். ஐபியில் வெட்டு பிட்களுக்கு நடுவில் விழுகிறது. நாம் பார்ப்பதோ நாலு பதின்ம எண்கள், அதனால் /27 மாதிரி வந்தால் வெட்டு கடைசி எண்ணின் வயிற்றுக்குள் போய் விழுந்துவிடும். இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் அதுதான்.

அந்த வயிற்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். 192.168.74.100/27. 27 என்றால் முதல் மூன்று ஆக்டெட்டுக்கு (முகவரியின் நாலு எண்களில் ஒவ்வொன்றும் எட்டு பிட் கொண்ட ஒரு ஆக்டெட்) 24 பிட் போக, நாலாவதில் இன்னும் மூன்று பிட் ஊர்க் கோட்டுக்குச் சேர்கிறது. ஒரு ஆக்டெட்டின் எட்டு பிட்டுக்கும் இடமதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. முதல் மூன்றும் 1 என்றால் 128+64+32 = 224. ஆக மாஸ்க் 255.255.255.224. நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்த 224 இதுதான். மாஸ்க்கில் 1-கள் எல்லாம் இடது பக்கம் சேர்ந்தே நிற்க வேண்டும், நடுவில் 0 நுழையக் கூடாது. அதனால் மாஸ்க்கின் ஒரு ஆக்டெட்டில் 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்ற ஒன்பது எண்களைத் தவிர வேறு எதுவும் வராது. கேள்வியில் 255.255.255.200 என்று ஒரு விருப்பம் இருந்தால் கணக்கே போடாமல் அடித்துவிடலாம்.

இனி 100-ஐ பைனரியில் எழுதினால் 01100100. மாஸ்க்கின் 224 என்பது 11100000. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் 1 இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று போட்டுக்கொண்டே போங்கள். 01100000 வரும், அதாவது 96. ஆகவே இந்த முகவரி இருக்கும் ஊர் 192.168.74.96. இதைத்தான் ஆண்ட் செய்வது என்கிறார்கள். மாஸ்க்கில் 1 இருக்கும் இடத்தில் முகவரி அப்படியே தெரியும், 0 இருக்கும் இடம் மறைந்துபோகும். முகமூடி என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

இந்த ஆண்ட் கணக்கை யார், எப்போது போடுகிறார்கள் என்பதைப் பல பாடங்களில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும், ஒவ்வொரு போனும், ஒரு பாக்கெட்டை, அதாவது அனுப்பும் தகவலின் ஒரு துண்டை, வெளியே தள்ளும் முன் இதைப் போடுகிறது. தன் முகவரியைத் தன் மாஸ்க்கோடு ஆண்ட் செய்கிறது, போக வேண்டிய முகவரியையும் அதே தன் மாஸ்க்கோடு ஆண்ட் செய்கிறது. இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் ஆள் ஊருக்குள்தான் இருக்கிறார் என்று முடிவுசெய்து, "இந்த முகவரி யாருடையது, உன் மேக் முகவரியைச் சொல்லு" என்று ஏஆர்பி மூலம் ஊர் முழுக்கக் கூவும் (மேக் என்பது கருவியின் நெட்வொர்க் கார்டுக்கு உள்ள எண், அதைக் கேட்டு வாங்கும் முறைதான் ஏஆர்பி), பதில் வந்ததும் நேராகக் கொடுத்துவிடும். விடை வேறு வேறாக இருந்தால் வெளியூர், அதனால் பாக்கெட்டைக் கேட்வேயிடம், அதாவது ரவுட்டரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அவ்வளவுதான் கேள்வி: ஊருக்குள்ளா, வெளியூரா?

இன்னொரு விஷயம், பாக்கெட்டுக்குள் மாஸ்க் கிடையாது. அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி இரண்டும் பாக்கெட்டின் முன்பகுதியான ஐபி தலைப்பில் இருக்கும், மாஸ்க் இருக்காது. எதிராளியின் மாஸ்க் என்ன என்று நம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, கேட்கவும் செய்யாது. தன்னிடம் உள்ளதை வைத்தே உலகத்தை அளக்கும். அது தப்பாக இருந்தால் உலகமே தப்பாகத் தெரியும்.

எனக்கு இது உறைத்தது புத்தகத்தில் இருந்து இல்லை, கோட்டாறில் ஒரு பாத்திரக்கடையில். பில் போடும் கம்ப்யூட்டரில் இருந்து புதுப் பிரின்டருக்கு எதுவும் போகவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால் அண்ணாச்சி குத்துவிளக்குகளுக்கு நடுவில் நின்று பிரின்டரை முறைத்துக்கொண்டிருக்கிறார். "மக்கா, புதுசாக்கும். பெட்டியைப் பிரிச்சு நாலு நாளு ஆகல்ல, அதுக்குள்ள போச்சா?" மாடியில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் இருந்து கொடுத்தால் அதே பிரின்டர் சமர்த்தாக அடிக்கிறது. பில் கம்ப்யூட்டரில் இருந்து மாடிக் கம்ப்யூட்டருக்கு பிங் (எதிரில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) போகிறது. பில் கம்ப்யூட்டரில் இருந்து பிரின்டருக்கு மட்டும் போகவில்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினேன், பிரின்டரை அணைத்து அணைத்துப் போட்டேன், ஒரு மணி நேரமும் இரண்டு டீயும் போனது. அப்புறம்தான் கம்ப்யூட்டரின் ஐபி விவரத்தைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்து, முகவரியை மட்டும் பார்க்காமல் அதற்குக் கீழ் வரியையும் படித்தேன்.

பில் கம்ப்யூட்டர் 192.168.1.20, மாஸ்க் 255.255.255.128. மாடிக் கம்ப்யூட்டர் 192.168.1.35, பிரின்டர் 192.168.1.200, இந்த இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. அந்த 128-ஐ யார் எப்போது அடித்தார்களோ தெரியாது. /25 என்பதால் பில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதன் ஊர் 0 முதல் 127 வரைதான். 35 ஊருக்குள் இருக்கிறது, அதனால் பிங் போனது. 200 வெளியூர், கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். பில் போடுகிற பையன்கள் வீடியோ பார்க்கக் கூடாது என்று அண்ணாச்சி கேட்வேயைக் காலியாக விடச் சொல்லியிருந்தார். கொடுக்க ஆளில்லை, பாக்கெட் கம்ப்யூட்டரை விட்டே கிளம்பவில்லை. அப்படியானால் பழைய பிரின்டர் எப்படி இத்தனை நாள் ஓடியது? அதன் முகவரி 192.168.1.50. தப்பு முதலில் இருந்தே அங்கே உட்கார்ந்திருந்தது, 127-ஐத் தாண்டிய ஒரு முகவரி வந்த அன்றைக்குத்தான் எழுந்து நின்றது.

கேட்வே மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாக்கெட் ரவுட்டருக்குப் போகும், ரவுட்டர் தன் சரியான மாஸ்க்கை வைத்து "இது இங்கேயே இருக்கிற ஆள்தானே" என்று அதே வழியில் திருப்பி பிரின்டருக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு. பிரின்ட் வந்துவிடும், தப்பு வெளியே தெரியவே தெரியாது. இந்த மாதிரித் தப்புகள்தான் வருஷக்கணக்கில் கிடக்கும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: மாஸ்க்கை 255.255.0.0 என்று அகலமாகப் போட்டுவிட்டு, இன்னொரு கிளையில் உள்ள 192.168.2.10-ஐத் தேடினால், அது ஊருக்குள் இருப்பதாக நினைத்து ஏஆர்பி கூவிக்கொண்டே இருக்கும், அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை. இன்டர்நெட் நன்றாக வரும், கிளை மட்டும் வராது. கேபிளைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை.

ஏ கிளாஸ், பி கிளாஸ், சி கிளாஸ் என்று புத்தகத்தில் ஒரு அத்தியாயம் வரும், அதைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 1981-ல் ஐபி தரம் எழுதியபோது வெட்டு 8, 16, 24 என்ற மூன்று இடங்களில்தான் விழலாம் என்று இருந்தது. 300 முகவரி வேண்டுமென்பவருக்கு சி கிளாஸின் 254 போதாது, பி கிளாஸ் கொடுத்தால் 65,534, பெரும்பகுதி வீண். 1985-ல் உள்ளுக்குள் பிரித்துக்கொள்ள சப்நெட்டுக்குத் தரம் வந்தது, 1993-ல் கிளாஸே இல்லாமல் முகவரி பிரிக்கும் சிஐடிஆர் முறை வந்து வெட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று ஆக்கியது. நாம் எழுதும் /27 அந்தக் குடும்பம். கிளாஸ் பெயர்கள் இன்னும் பேச்சில் இருக்கின்றன, தேர்வில் எட்டிப் பார்க்கும், வேலையில் மாஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தேர்வுக்கு வருவோம். சிசிஎன்ஏவுக்கு 120 நிமிஷம், கால்குலேட்டர் கிடையாது, ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் பைனரி எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதற்குத்தான் குறுக்கு வழி: வெட்டு எந்த ஆக்டெட்டில் விழுகிறதோ, அந்த ஆக்டெட்டின் மாஸ்க் எண்ணை 256-இல் இருந்து கழியுங்கள். /27-க்கு 256 − 224 = 32. ஊர்கள் 32, 32-ஆகத் தொடங்கும்: 0, 32, 64, 96, 128. நம்முடைய 100, 96-க்கும் 128-க்கும் நடுவில் இருக்கிறது. நெட்வொர்க் முகவரி 96, அடுத்த ஊர் 128-இல் தொடங்குவதால் அதற்கு ஒன்று குறைவான 127 பிராட்காஸ்ட், நடுவில் 97 முதல் 126 வரை 30 பேர் குடியிருக்கலாம். முதல் முகவரி ஊரின் பெயர், கடைசி முகவரி ஊர் முழுக்கக் கேட்கும் மைக் செட், இரண்டையும் யாருக்கும் கொடுக்க முடியாது, அதனால்தான் 32-இல் 2 கழிகிறது. (இரண்டு ரவுட்டருக்கு நடுவில் மட்டும் போகும் இணைப்புக்கு /31 போட்டு இரண்டு முகவரியையும் பயன்படுத்தலாம் என்று 2000-ல் ஒரு விதிவிலக்கு வந்தது. இப்போதைக்குத் தெரிந்து வைத்தால் போதும்.)

வெட்டு மூன்றாவது ஆக்டெட்டில் விழும்போதுதான் கை நடுங்கும், நடுங்க வேண்டியதில்லை. 172.20.75.200/20. இருபதில் 16 போக நாலு பிட், 128+64+32+16 = 240, மாஸ்க் 255.255.240.0. 256 − 240 = 16. மூன்றாவது ஆக்டெட்டில் 0, 16, 32, 48, 64, 80 என்று ஏறுங்கள். 75 என்பது 64-க்கும் 80-க்கும் நடுவில். நெட்வொர்க் 172.20.64.0, பிராட்காஸ்ட் 172.20.79.255. நாலாவது ஆக்டெட்டில் இருக்கும் 200-ஐ நான் திரும்பியே பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டுக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் வீட்டு நம்பர், நெட்வொர்க்குக்கு அது முழுக்க 0 ஆகும், பிராட்காஸ்டுக்கு முழுக்க 1 ஆகும், அதாவது 255.

இதே கணக்கில் ஒரு கண்ணி வைப்பார்கள். 172.20.70.255/20 என்ற முகவரியை ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாமா? 255-இல் முடிந்தாலே பிராட்காஸ்ட் என்று அட்டவணை மனப்பாடக்காரர்கள் கூடாது என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். ஊர் 64.0-இல் தொடங்கி 79.255-இல் முடிகிறது, 70.255 நடு ஊரில் இருக்கும் சாதாரண வீடு, தாராளமாகக் கொடுக்கலாம். 172.20.71.0-உம் அப்படித்தான். இன்னொரு கண்ணி: 30 கம்ப்யூட்டர் இருக்கும் லேபுக்கு எந்த மாஸ்க் என்று கேட்டு, ரவுட்டருக்கும் முகவரி வேண்டும் என்பதை வாக்கியத்தின் கடைசியில் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள். 31 ஆகிவிட்டது, /27 போதாது, /26.

கடைசியாக விஎல்எஸ்எம், அதாவது ஒரே வரிசையைப் பல அளவில் துண்டு போடுவது. இதற்கு எஸ்டிடி உதவாது, நம்ம ஊர் பாகப்பிரிவினை உதவும். குலசேகரம் பக்கம் ஒருவருக்கு 2 ஏக்கர் 56 சென்ட் ரப்பர் விளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 256 சென்ட். பிள்ளைகளுக்குப் பிரிக்கிறார், ஆனால் ஒரு வினோதமான நிபந்தனை: பாதியாகத்தான் வெட்டலாம். 256-ஐ 128-உம் 128-உம், அதில் ஒன்றை 64-உம் 64-உம், இப்படி. எந்தத் துண்டானாலும் முதல் சென்ட் சர்வே கல்லுக்கும் கடைசி சென்ட் பொதுவழிக்கும் போய்விடும். பாதி பாதியாக வெட்டுவதால், 64 சென்ட் துண்டு 0, 64, 128, 192 ஆகிய இடங்களில்தான் தொடங்க முடியும், 10-ஆவது சென்டில் இருந்து எனக்கு 64 கொடு என்று கேட்க முடியாது.

பாத்திரக்கடை அண்ணாச்சி கடையைப் பெரிதாக்குகிறார் என்று வைப்போம், கையில் 192.168.74.0/24. கடைக்கு 100 முகவரி, குடோனுக்கு 50, ஆபீசுக்கு 20, தக்கலையில் திறக்கும் கிளையோடு இரண்டு ரவுட்டரை இணைக்க 2. பெரியதில் இருந்து தொடங்குங்கள். 100-க்கு 128 துண்டு, /25, 0 முதல் 127 வரை. 50-க்கு 64 துண்டு, /26, 128 முதல் 191. 20-க்கு 32 துண்டு, /27, 192 முதல் 223. இணைப்புக்கு 4 துண்டு, /30, 224 முதல் 227. பெரியதில் தொடங்கினால் ஒவ்வொரு துண்டும் தன் அளவின் மடங்கில் தானாகவே வந்து உட்காரும். சின்னதில் தொடங்கி 0 முதல் 3 வரை இணைப்புக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து 4-இல் இருந்து /27 என்று எழுதினால் அங்கேயே தப்பு, 4-இல் எந்த /27-உம் தொடங்காது.

மீதி 228 முதல் 255 வரை 28 முகவரி இருக்கிறது. அண்ணாச்சி 14 கேமரா வேண்டும் என்கிறார், கேமராக்கள் தனி சப்நெட்டில் இருக்கட்டும் என்றும் சொல்கிறார். 28 இருக்கும்போது 14 ஒரு விஷயமா? போட்டுப் பாருங்கள். 14 கேமராவுக்கு ஒரு கேட்வேயும் வேண்டும், 15. /28-இல் 16 இருந்தாலும் குடியிருப்பு 14-தான், ஒருவருக்கு இடமில்லை. /27 போடலாம் என்றால் அது 224-இல்தான் தொடங்க வேண்டும், அங்கே ஏற்கனவே ரவுட்டர் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. இணைப்பை 252-க்கு நகர்த்தினாலும் அதுவும் அதே 224 முதல் 255 வரைக்குள்தான் வருகிறது. அதை இந்த வரிசையில் இருந்தே தூக்கி 192.168.75.0/30 என்று வைத்துவிட்டால் 224/27 முழுதும் கேமராவுக்குக் கிடைக்கும், கேட்வே போக 29 கேமரா வரை மாட்டலாம். இல்லையென்றால் அண்ணாச்சியிடம் ஒரு கேமராவைக் குறைக்கச் சொல்ல வேண்டும், அதற்கு நான் வரமாட்டேன்.